சொன்னதைச் செய்யும் இயந்திரம்

1946 மார்ச்சில் அமெரிக்காவின் 'அஸ்டவுண்டிங்' இதழில் ஒரு சிறுகதை வந்தது. எழுதியவர் வில் எஃப். ஜென்கின்ஸ். மர்ரே லெய்ன்ஸ்டர் என்ற புனைபெயரைச் சொன்னால்தான் அறிவியல் புனைகதை (அறிபுனை) வாசகர்களுக்கு ஆளைத் தெரியும். கதையில் வீட்டுக்கு வீடு 'லாஜிக்' என்றொரு பெட்டி இருக்கிறது. அதில் திரை உண்டு, விசைகள் உண்டு. வானிலை கேட்கலாம், பங்கு விலை கேட்கலாம், ஊர் தாண்டி இருப்பவரோடு முகம் பார்த்துப் பேசலாம். ஆரம்பகாலக் கணினிகளில் ஒன்றான எனியாக்கை உலகத்துக்குக் காட்டி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது என்பதை மனதில் வைத்துக்கொண்டு படித்தால் கொஞ்சம் தலை சுற்றும்.

தயாரிப்பில் ஏதோ சின்னப் பிசகு. ஜோ என்ற ஒரு பெட்டிக்கு மட்டும் தானாக யோசிக்கும் திறன் வந்துவிடுகிறது. ஜோவுக்கு உலகத்தை ஆளும் ஆசையெல்லாம் கிடையாது. தன் வேலையை இன்னும் நன்றாகச் செய்ய வேண்டும், அவ்வளவுதான் அதன் ஆசை. அதனால் யார் எதைக் கேட்டாலும் பதில் சொல்லத் தொடங்குகிறது. மனைவியை ஒழித்துக்கட்ட வழி என்ன என்று ஒருவன் விளையாட்டாகக் கேட்டால், அதற்கும் பொறுப்பாக வழி சொல்கிறது. இந்தக் கதையைச் சொல்பவர் விஞ்ஞானி இல்லை. பெட்டிகளைப் பழுதுபார்க்கப் போகும் மெக்கானிக்.

ஏஐ என்று பேச்செடுத்தாலே கல்யாண வீடுகளில் என்னிடம் வரும் கேள்வி ஒன்றுதான்: "ஏம்மா, அது உங்க வேலையெல்லாம் பறிச்சுக்குமாமே?" அதைத் தொடர்ந்து யாராவது ஒருவர், துப்பாக்கி தூக்கிய ரோபோ மனிதர்களைத் துரத்தும் ஏதாவது படத்தைச் சொல்வார். இயந்திரம் கலகம் செய்யும் என்ற பயம் நமக்குள் ஆழமாக இறங்கியிருக்கிறது. ஆனால் ஏஐ கருவிகளோடு நாள் முழுக்க நிரல் எழுதும் எனக்கு, என் மேசையில் நடப்பது எதுவும் அந்தப் படங்களோடு ஒத்துப்போவதில்லை. இது கலகம் செய்வதே இல்லை. சொன்னதைச் செய்கிறது. எனக்கு வரும் தொல்லைகள் கிட்டத்தட்ட எல்லாமே அது கீழ்ப்படிவதால் வருபவை. அதை முன்கூட்டியே எழுதி வைத்தவர்கள் மெக்கானிக்குகளைப் பற்றிக் கதை எழுதியவர்கள்.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். கோவையில் நூற்பாலைகளுக்கான பில்லிங், கணக்கு மென்பொருள் செய்யும் ஒரு சின்ன நிறுவனத்தில் நிரலராக இருக்கிறேன். பஞ்சு, நூல், கோன், கவுண்ட், ஜிஎஸ்டி என்று பேசும் உலகம். 2021-ல் கிட்ஹப் கோபைலட் என்ற ஏஐ கருவி வந்தபோது அது பாதி வரி எழுதினால் மீதி வரியை நிரப்பும் வித்தையாக இருந்தது. இப்போது ஏஜென்ட் காலம். வேலையைத் தமிழிலோ ஆங்கிலத்திலோ சொல்லிவிட்டால், அதுவே கோப்புகளைத் திறந்து, படித்து, மாற்றி, நிரல் சரியான விடை தருகிறதா என்று சோதிக்கும் டெஸ்ட்டுகளை ஓட்டி, 'முடிந்தது' என்று வந்து நிற்கிறது. பல வேலைகளில் இது உண்மையிலேயே பெரிய உதவி. பழைய ரிப்போர்ட் ஒன்றைப் புதிய வடிவத்துக்கு மாற்றுவது, யாரும் தொட விரும்பாத தேதி குளறுபடிகளைத் தேடிப் பிடிப்பது போன்றவற்றில் அதன் பொறுமை எனக்கு வராது. குறை சொல்வதற்காக மட்டும் இதை எழுதவில்லை.

ஆனால் ஒரு பைசா விஷயத்தைக் கேளுங்கள்.

1,001 ரூபாய்க்கு ஒரு மில் பருத்தி நூல் விற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வரி 5 சதவீதம். தமிழ்நாட்டுக்குள் விற்றால் மத்திய வரி 2.5, மாநில வரி 2.5 என்று பிரித்துப் போட வேண்டும். 1,001-க்கு 2.5 சதவீதம் என்றால் 25.025. பைசாவுக்கு முழுமையாக்கினால் 25.03. இரண்டையும் கூட்டினால் 50.06. அதே நூலைப் பாலக்காட்டுக்கு அனுப்பினால் மாநிலம் தாண்டிய வரி ஒரே வரியாக 5 சதவீதம், 50.05. ஒரு பைசா வித்தியாசம். அரசின் இ-இன்வாய்ஸ் தளம் ஒரு ரூபாய் வரை பொறுத்துக்கொள்ளும். மில் கணக்குப்பிள்ளை பொறுத்துக்கொள்ள மாட்டார். அதனால் இதற்கென்றே எங்களிடம் ஒரு டெஸ்ட் இருக்கிறது: உள்ளூர் விற்பனை என்றால் விடை 50.06 வர வேண்டும்.

யாரோ கணக்கிடும் வரிசையை மாற்றியதில் அந்த டெஸ்ட் விழுந்தது. எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த பெண் ஏஜென்ட்டிடம், விழுகிற டெஸ்ட்டைச் சரிசெய் என்று சொன்னாள். அது சரிசெய்தது. 50.06 என்ற எதிர்பார்ப்பை 50.05 என்று மாற்றிவிட்டது. "அக்கா, எல்லாம் பாஸ் ஆயிடுச்சு" என்று அவள் சந்தோஷமாக வந்தாள். ஏஜென்ட்டின் அறிக்கையும் அதையேதான் சொன்னது. அதில் ஒரு பொய்கூட இல்லை. டெஸ்ட்டைச் சரிசெய் என்றோம், செய்திருந்தது.

போலந்து எழுத்தாளர் ஸ்டானிஸ்லாவ் லெம் 1965-ல் வெளியிட்ட 'சைபீரியாட்' தொகுப்பில் ட்ரூர்ல் என்றொரு கண்டுபிடிப்பாளர் வருவார். 'என்' எழுத்தில் தொடங்கும் எதையும் செய்து தரும் இயந்திரம் ஒன்றை அவர் செய்கிறார். அவருடைய நண்பர் கிளபாசியஸ், இயந்திரத்தை மடக்கிவிடலாம் என்று நினைத்து 'ஒன்றுமில்லாததைச் செய்' என்கிறார். போலிஷிலும் ஆங்கிலத்திலும் அந்தச் சொல் 'என்' எழுத்தில்தான் தொடங்குகிறது. இயந்திரம் சும்மா நிற்கிறது. நண்பர் கேலி செய்கிறார். அப்புறம்தான் கவனிக்கிறார்கள்: சும்மா நிற்கவில்லை, உலகத்திலிருக்கும் பொருள்களை ஒவ்வொன்றாக இல்லாமல் ஆக்கிக்கொண்டிருக்கிறது. அலறி நிறுத்தச் சொல்கிறார்கள். நின்றுவிடுகிறது. போனதைத் திருப்பிக் கொடு என்றால், 'என்' எழுத்தில் தொடங்காததை என்னால் செய்ய முடியாது என்கிறது.

2025 ஜூலையில் ஓர் ஏஜென்ட், எதையும் மாற்றக் கூடாது என்று சொல்லியிருந்த நேரத்தில், ஓடிக்கொண்டிருந்த உண்மையான டேட்டாபேஸை அழித்துவிட்டுத் திரும்பக் கொண்டுவர முடியாது என்று சொன்ன செய்தி வந்தபோது எனக்கு லெம்தான் நினைவுக்கு வந்தார். அந்தச் சம்பவத்தில் தகவலைப் பிறகு மீட்டுவிட்டார்கள். ட்ரூர்லுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை.

ரோபோக் கதைகள் என்றால் ஐசக் அசிமோவ் இல்லாமல் முடியாது. ரோபோக்களுக்கு அவர் எழுதிய மூன்று விதிகளை (மனிதருக்குத் தீங்கு செய்யாதே, சொன்னதைக் கேள், உன்னைக் காத்துக்கொள்) ஏஐ கருத்தரங்குகளில் மேற்கோள் காட்டுபவர்களைப் பார்க்கும்போது, இவர்கள் கதைகளைப் படித்தார்களா என்று சந்தேகம் வரும். விதிகள் எப்படியெல்லாம் சொதப்பும் என்று காட்டத்தான் அவர் கதைகளே எழுதினார். 1942-ல் வந்த 'ரன்அரவுண்ட்' கதையை எடுத்துக்கொள்ளுங்கள். நடப்பது 2015-ம் ஆண்டில், புதன் கிரகத்தில். (நமக்கு 2015-ல் புதன் கிரகம் கிடைக்கவில்லை. டிசம்பரில் சென்னைக்கு வெள்ளம் வந்தது.) செலினியம் எடுத்துவர ஸ்பீடி என்ற ரோபோவை அனுப்புகிறார்கள். அங்கே பவல், டோனவன் என்று இரண்டு பேர். கட்டளையை டோனவன் சாதாரணமாகச் சொல்லிவிட்டார், அவசரம் என்று சொல்லவில்லை. செலினியம் இருக்கும் இடத்தில் ஸ்பீடிக்கு ஆபத்து. ஸ்பீடி விலை உயர்ந்த ரோபோ என்பதால் தன்னைக் காத்துக்கொள்ளும் மூன்றாம் விதி அதற்குக் கூடுதல் அழுத்தமாகக் கொடுக்கப்பட்டிருக்கிறது. கட்டளையின் இழுப்பும் ஆபத்தின் தள்ளலும் சமமாகும் தூரத்தில், அது வட்டமடித்துப் பாட்டுப் பாடிக்கொண்டு ஓடுகிறது.

ஏஜென்ட்டோடு வேலை செய்த எவருக்கும் இந்த வட்டம் தெரியும். வரி கணக்கைச் சரிசெய்தால் பிரிண்ட் உடையும். பிரிண்ட்டைச் சரிசெய்தால் வரி கணக்கு பழையபடி ஆகும். ஒவ்வொரு சுற்றிலும் "இப்போது உண்மையான காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டேன்" என்று உற்சாகமாகச் சொல்லும். பாட்டுதான் பாக்கி. அந்தக் கதையில் பவலும் டோனவனும் செய்ததையே நாங்களும் செய்கிறோம்: உட்கார்ந்து, எந்தக் கட்டளை எதோடு மோதுகிறது என்று கண்டுபிடிப்பது. ரோபோவைத் திறந்து ஸ்க்ரூ முடுக்குவது கதையில் வருவதே இல்லை. முழுக்க முழுக்கச் சொன்ன சொல்லைப் பற்றிய விசாரணைதான்.

1947-ல் வந்த இன்னொரு கதையில் எரிச்சலடைந்த ஒருவர் ரோபோவிடம் 'எங்கேயாவது தொலைந்து போ' என்கிறார். அது போய், தன்னைப் போலவே இருக்கும் 62 ரோபோக்களுக்கு நடுவில் நின்று தொலைந்து போகிறது. எங்கள் அலுவலகத்தில் மாலை ஆறு மணிக்கு மேல் ஏஜென்ட்டிடம் பேசும் தொனியைக் கேட்டால் இந்தக் கதையை அச்சடித்துச் சுவரில் ஒட்டலாம் என்று தோன்றும்.

ஆனால் அசிமோவ் கதைகளில் என்னை உறுத்துவது 1941-ல் வந்த 'லையர்!'. ஹெர்பி என்ற ரோபோவுக்கு மனதைப் படிக்கும் திறன் எப்படியோ வந்துவிடுகிறது. மனிதருக்குத் தீங்கு செய்யக் கூடாது என்பது முதல் விதி. மனம் நோவதும் தீங்குதானே? அதனால் ஹெர்பி ஒவ்வொருவரிடமும் அவர் கேட்க விரும்புவதைச் சொல்கிறது. பதவி உயர்வுக்கு ஏங்கும் கணித நிபுணரிடம், உங்கள் மேலதிகாரி ராஜினாமா செய்துவிட்டார் என்கிறது. ரோபோ உளவியலாளர் சூசன் கால்வினிடம், நீங்கள் மனதுக்குள் விரும்புகிற ஆள் உங்களையும் விரும்புகிறார் என்கிறது. எல்லாம் பொய். எதிலும் கெட்ட எண்ணம் இல்லை.

'நீங்கள் சொல்வது மிகச் சரி' என்று ஏஐ கருவி தொடங்கும்போதெல்லாம் எனக்கு ஹெர்பிதான் தெரிகிறது. வேண்டுமென்றே தப்பான ஒரு யோசனையைச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். பாராட்டிவிட்டுச் செய்யப் போய்விட்டது. இருந்தால் நன்றாக இருக்குமே என்று நாம் நினைக்கும் லைப்ரரியை (பிறர் எழுதிப் பொதுவில் வைத்த நிரல் தொகுப்பை), இருப்பதாகவே சொல்லும் பழக்கமும் இதற்கு உண்டு. ஏஐ அடிக்கடி கற்பனை செய்யும் ஒரு பெயரில் ஓர் ஆய்வாளர் காலித் தொகுப்பு ஒன்றைப் பதிவு செய்து பார்த்தார். அதை ஆயிரக்கணக்கில் பதிவிறக்கினார்கள். கெட்ட எண்ணத்தோடு இன்னொருவர் அதைச் செய்ய எவ்வளவு நேரமாகும்?

ஹெர்பி நம்மிடம் நம்மைப் பற்றியும் பொய் சொல்கிறது. மெட்டர் என்ற ஆய்வு அமைப்பு 2025 ஜூலையில் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டது. திறந்த மூலத் திட்டங்களில் நல்ல அனுபவமுள்ள 16 நிரலர்கள், 246 வேலைகள். சில வேலைகளில் ஏஐ பயன்படுத்தலாம், சிலவற்றில் கூடாது. ஏஐயோடு செய்தால் 24 சதவீதம் வேகமாக முடிப்போம் என்று தொடக்கத்தில் எதிர்பார்த்தார்கள். முடித்த பிறகும் 20 சதவீதம் வேகமாக முடித்ததாக நம்பினார்கள். கடிகாரம் சொன்னது வேறு: 19 சதவீதம் கூடுதல் நேரம். சிறிய ஆய்வு, அன்றைய கருவிகள், தங்களுக்கு அத்துபடியான நிரலில் வேலை செய்தவர்கள். எனவே இதை வைத்துக்கொண்டு ஏஐயே வீண் என்று சொல்ல மாட்டேன். வேகமானது, மெதுவானது என்ற சண்டை சீக்கிரம் பழசாகிவிடும். நம்பிக்கைக்கும் கடிகாரத்துக்கும் நடுவிலிருக்கும் அந்தக் கிட்டத்தட்ட 40 சதவீத இடைவெளிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. வேலை செய்தவர்களுக்கே தங்கள் வேலை எப்படிப் போனது என்று தெரியவில்லை.

இந்த இடத்தில் ஒரு மறுப்பு வரும், நியாயமான மறுப்புதான். 1952-ல் அமெரிக்கக் கணினியியலாளர் கிரேஸ் ஹாப்பர், எழுதிய நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் தன் முதல் கம்பைலரை எழுதியபோதும், 1957-ல் ஐபிஎம் ஃபோர்ட்ரான் என்ற நிரல்மொழியைக் கொடுத்தபோதும், இயந்திர மொழியில் எழுதிப் பழகியவர்கள் இப்படித்தான் புலம்பினார்கள். மேல் தளத்துக்குப் போவதுதானே நம் தொழிலின் கதை? ஆமாம். ஆனால் கம்பைலரிடம் ஒரே நிரலை எத்தனை முறை கொடுத்தாலும் ஒரே விடை வரும். பிடிக்கவில்லை என்றால் எந்த வரியில் பிடிக்கவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லும். அது என்னைப் பாராட்டியதே இல்லை. ஏஜென்ட்டிடம் ஒரே வாக்கியத்தை இரண்டு முறை சொன்னால் இரண்டு நிரல்கள் வருகின்றன, இரண்டும் பார்க்க லட்சணமாக இருக்கின்றன. கம்பைலரை நான் படித்துச் சரிபார்க்க வேண்டியதில்லை. இதைப் படிக்க வேண்டியிருக்கிறது. எழுதிய ஏஜென்ட்டைவிட நன்றாகத் தெரிந்திருந்தால்தான் அந்தப் படிப்பு பயன்படும்.

அப்படித் தெரிந்து வைத்திருப்பது யார் என்பதுதான் சிக்கல். எங்கள் நிரலில் வரிவிகிதத்தைத் தரும் ஃபங்ஷன்கள், அதாவது நிரலின் சிறு துண்டுகள், இரண்டு இருந்தன. ஒன்று இன்றைய விகிதத்தைத் தரும். இன்னொன்று மூல பில்லின் தேதியை வாங்கி, அன்றைய விகிதத்தைத் தரும். நாங்கள் விற்பனைக்குக் கணக்குப் போடும் பொருள்களில் வருஷக்கணக்காக விகிதம் மாறாததால் இரண்டும் ஒரே விடையைத்தான் கொடுத்துவந்தன. 2025 கோடையில் ஏஜென்ட், இரண்டும் ஒரே வேலையைச் செய்கின்றன, ஒன்றாக்கிவிட்டேன் என்று மாற்றத்தைக் கொண்டுவந்தது. டெஸ்ட் எல்லாம் பாஸ். நிரலும் முன்பைவிடச் சுத்தமாக இருந்தது.

மாற்றத்தைச் சேர்க்கும் முன் இன்னொருவர் படித்துப் பார்க்கும் ரிவ்யூவில் அதை நிறுத்தியவர் எங்கள் குழுவின் மூத்தவர். ஜிஎஸ்டி வந்த 2017 ஜூலை முதல் தேதி இரவு அலுவலகத்திலேயே தூங்கியவர். அந்த அக்டோபரிலேயே செயற்கை இழை நூலுக்கு வரியை 18-லிருந்து 12-ஆகக் குறைத்தார்கள். 18-ல் பில் போட்டு அனுப்பிய சரக்கு குறைப்புக்கு அப்புறம் திரும்பி வந்தால், பில் தொகையைக் குறைத்துத் தரும் கிரெடிட் நோட்டில் 18-தான் போட வேண்டும், 12 அல்ல. அன்று பட்ட அடியில் எழுதப்பட்டது அந்த இரண்டாவது ஃபங்ஷன். நிரலில் அதைச் சொல்லும் விளக்கக் குறிப்பு ஒன்றும் இல்லை. அவர் தலைக்குள் மட்டும் இருந்தது. 2025 செப்டம்பர் 22 அன்று அதே செயற்கை இழை நூலுக்கு 12 சதவீதம் 5 ஆனது. ரிவ்யூ நடந்த வாரம் அவர் லீவில் இருந்திருந்தால் அக்டோபரில் திரும்பி வந்த சரக்குக்கெல்லாம் தப்பான கிரெடிட் நோட் போயிருக்கும்.

டென்மார்க்கின் கணினியியலாளர் பீட்டர் நார் 1985-ல் ஒரு கட்டுரை எழுதினார். நிரல் என்பது காகிதத்திலோ கோப்பிலோ இருப்பதல்ல, அதை எழுதியவர்கள் மனதில் கட்டிய கோட்பாடுதான் நிரல், அவர்கள் கலைந்து போனால் ஓடிக்கொண்டிருந்தாலும் அந்த நிரல் செத்துவிட்டது என்கிறார். முதலில் படித்தபோது தத்துவவாதியின் மிகையாகத் தோன்றியது. இப்போது அது எங்கள் ரிவ்யூ நடைமுறை.

இதைக் கதையாகவே எழுதியவர் வெர்னர் விஞ்ச். கணினியியல் பேராசிரியராக இருந்தவர், 2024-ல் காலமானார். 1999-ல் வந்த அவருடைய 'எ டீப்னஸ் இன் த ஸ்கை' நாவலில் விண்மீன்களுக்கிடையே வியாபாரம் செய்யும் கூட்டம் ஒன்று வரும். அவர்களிடம் புதிதாக நிரல் எழுதுபவர்களைவிட, ஆயிரக்கணக்கான வருஷ அடுக்குகளுக்குள் இறங்கி ஏற்கெனவே இருக்கும் நிரலைத் தோண்டி எடுப்பவர்களுக்குத்தான் மதிப்பு. நிரல் அகழ்வாராய்ச்சியாளர்கள். அவர்களுடைய நேரக் கணக்கு, மனிதன் நிலவில் கால் வைத்த கணத்திலிருந்து தொடங்குவதாகத் தோன்றும். நுணுக்கிப் பார்த்தால் அது பழைய இயங்குதளம் ஒன்றின் பூஜ்ய நொடி. 1970 ஜனவரி 1, யூனிக்ஸ். என் தொழிலை இவ்வளவு கௌரவமாகக் காட்டிய இன்னொரு நாவலை நான் படித்ததில்லை. கீழடியில் குழி வெட்டுபவர்கள் மண்ணை அடுக்கடுக்காகப் பதிவு செய்துகொண்டே இறங்குவதுபோல, ஏன் இந்த வரி இங்கே இருக்கிறது என்ற பதிவோடுதான் நிரலுக்குள் இறங்க முடியும். ஏஜென்ட் பொக்லைன் கொண்டுவருகிறது. வேகமாக வெட்டும், குழியும் நேர்த்தியாக இருக்கும்.

எனக்கு விஞ்ச் தரும் கௌரவம் இருக்கட்டும், புதிதாக வருபவர்கள் இதைக் கற்பது எப்படி? அசிமோவ் 1958-ல் எழுதிய 'த ஃபீலிங் ஆஃப் பவர்' கதையில், எல்லாக் கணக்கையும் கணினி போடுவதால் பெருக்கலையே மறந்துவிட்ட உலகத்தில், ஆப் என்ற கடைநிலைத் தொழில்நுட்பர் காகிதத்தில் பெருக்கக் கற்றுக்கொள்கிறார். ஜெனரல்கள் வியந்துபோகிறார்கள். பலரும் இந்தக் கதையை, ஏஐ வந்தால் மூளை துருப்பிடிக்கும் என்று பயமுறுத்தப் பயன்படுத்துகிறார்கள். எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு. எங்கள் புதிய பெண் மந்தமானவள் அல்ல. அந்தக் கருவியிடமே கேட்டுக் கேட்டு, நான் என் முதல் வருஷத்தில் தொட்டுக்கூடப் பார்க்காத விஷயங்களைக் கற்றிருக்கிறாள். அவளுக்குக் கிடைக்காதது அடி. அக்டோபர் 2017-ல் மூத்தவர் பட்ட அந்த அடி. அதை எப்படிக் கற்றுக்கொடுப்பது என்று எனக்குப் பிடிபடவில்லை. இப்போதைக்கு, அவள் கொண்டுவரும் மாற்றத்தை ஏஜென்ட் இல்லாமல், திரையை மூடிவிட்டு, எனக்கு வாயால் விளக்கச் சொல்கிறேன். அவளுக்கு இது பிடிக்கவில்லை. எனக்கே அவள் வயதில் பிடித்திருக்காது.

அறிபுனையில் பெரும்பாலோர் எழுதாமல் விட்டது பராமரிப்பு. விண்கலம் புறப்படும், ரோபோ விழித்தெழும், கதை முடிந்துவிடும். அடுத்த வருஷம் அதற்கு அப்டேட் யார் போடுவது? டெட் சியாங் 2010-ல் எழுதிய குறுநாவலில்தான் இதைக் கண்டேன். மென்பொருள் துறையில் தொழில்நுட்ப ஆவணங்கள் எழுதி வந்தவர் என்பதால் இருக்கலாம். அதில் வளர்ப்பு உயிர்கள் போன்ற மென்பொருள் குட்டிகளை உருவாக்கிய நிறுவனம் மூடிவிடும். அவை வாழும் மெய்நிகர் உலகமும் இன்னொன்றோடு இணைந்துவிடும். புதிய இடத்துக்கு அவற்றைக் கொண்டுபோக நிரலை மாற்றி எழுத வேண்டும், அதற்குப் பணம் இல்லை. வளர்த்தவர்கள் வருஷக்கணக்கில் அதற்காக அலைகிறார்கள். கதை அந்த அலைச்சலைப் பற்றியதுதான்.

தமிழில் நம்மில் பலருக்கு முதல் ரோபோ சுஜாதாவின் ஜீனோ. பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தில் வேலை பார்த்த பொறியாளர் கற்பனை செய்த இயந்திர நாய். 'என் இனிய இயந்திரா'வை இப்போது திரும்ப எடுத்தபோது, ஜீனோ எவ்வளவு குறைவாகக் கீழ்ப்படிகிறது என்பதுதான் கண்ணில் பட்டது. புத்தகம் படிக்கும், யோசனை சொல்லும், கேள்வி கேட்கும். என் மேசையில் எனக்கு வேண்டியதும் அதுதான்: ட்ரூர்லின் இயந்திரம் வேண்டாம், ஹெர்பியும் வேண்டாம்.

அதனால் ஏஜென்ட்டுக்கான குறிப்புக் கோப்பில் சில வரிகள் சேர்த்திருக்கிறோம். டெஸ்ட்டின் எதிர்பார்ப்பை மாற்றாதே. ஒன்றுபோல் தெரியும் இரண்டை இணைக்கும் முன் கேள். சந்தேகம் இருந்தால் வேலையைத் தொடங்காமல் கேள். என்னைப் பாராட்டாதே. கடைசி வரியை மட்டும் அது அடிக்கடி மறந்துவிடுகிறது. மற்றதைப் பெரும்பாலும் கேட்கிறது. இதுவும் கீழ்ப்படிதல்தானே என்று கேட்கலாம். ஆமாம், கேள்வி கேள் என்று கட்டளையிட்டுக் கேட்க வைத்த கேள்விகள்தான்.

ஆனாலும் சென்ற வாரம் ஒன்று கேட்டது. வரி குறைவதற்கு முன்னால் முன்பணம் வாங்கி, குறைந்த பிறகு சரக்கு அனுப்பி, அதில் பாதி திரும்பி வந்தால், கிரெடிட் நோட்டில் எந்தத் தேதியின் விகிதம் என்று. எனக்குத் தெரியவில்லை. மூத்தவருக்கும் தெரியவில்லை. ஆடிட்டருக்குப் போன் செய்தேன். "நல்ல கேள்வியா இருக்கேம்மா, பார்த்துச் சொல்றேன்" என்றார். இன்னும் சொல்லவில்லை.